பிரேக் எண்ணெய் எங்கே போகிறது?

கியர் சைக்கிள் கேள்வி–பதில் பகுதியில் இந்த முறை டிஸ்க் பிரேக் கசிவு பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். கேபிள் இழுக்கிற டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். உங்கள் பிரேக்கில் எண்ணெயே கிடையாது.

கே: அண்ணாச்சி, என் முன் பிரேக் லீவர் பத்து நாளைக்கு ஒரு தடவை ஹேண்டில்பார் வரைக்கும் போய்விடுகிறது. கடையில் ப்ளீட் பண்ணி (எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றி) தருகிறார்கள். மறுபடியும் பத்து நாள்தான். கேலிப்பர் (சக்கரத்தின் தட்டை இரண்டு பேட் கட்டைகளால் கவ்விப் பிடிக்கிற பகுதி) முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. கேலிப்பரையே மாற்று என்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

ப: இப்போதைக்கு மாற்றாதீர்கள். முன் ஹோஸ், அதாவது எண்ணெய் போகிற குழாய், லீவரிலிருந்து நேரே கீழே இறங்குகிறது. மேலே ஊறுகிற எண்ணெய் ஹோஸைப் பிடித்துக்கொண்டே வழிந்து கடைசியில் வந்து நிற்கிற இடம் கேலிப்பர். ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடம் ஒன்று, உள்ளே சொட்டுகிற இடம் ஒன்று இல்லையா? அதே கதைதான்.

துடைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். நம் ஊர்ப் புழுதி உதவி செய்கிற ஒரே வேலை இதுதான். எண்ணெய் போன வழியெல்லாம் புழுதி அப்பிக் கறுத்த கோடாகக் கிடக்கும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ, கசிவு அங்கே இருக்கும், அல்லது அதற்கு மேலே இருக்கும். கோட்டுக்குக் கீழே தேடுவது வீண் வேலை.

அடுத்தது துடைப்பது. லீவர், ஹோஸ், கேலிப்பர் மூன்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். மருந்துக் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். பனியன் வேஸ்ட் வேண்டாம். அதில் முன்னாலேயே யாரோ துடைத்த கிரீஸ் இருக்கும். லீவரில் ஹோஸ் நுழைகிற இடத்தில் ரப்பர் மூடி இருந்தால் அதைப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருக்கிற நட்டையும் துடைக்க வேண்டும். பாதிப் பேர் விட்டுவிடுகிற இடம் இது. பிறகு வெள்ளை டிஷ்யூவைக் கிழித்து நாலு இடத்தில் ஒரு சுற்று சுற்றி நூல் கட்டுங்கள்: லீவரின் ஹோஸ் நட், லீவரின் மேலே உள்ள ப்ளீட் ஸ்க்ரூ, கேலிப்பரில் ஹோஸ் சேரும் பான்ஜோ போல்ட், ப்ளீட் நிப்பிள். குழந்தைப் பவுடர் தூவியும் சிலர் பார்ப்பார்கள். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டும். ஆனால் ரோட்டர் என்கிற அந்தத் தட்டுப் பக்கம் பவுடர் போகக் கூடாது. வீட்டில் பவுடர் இல்லையே என்று திருநீறைத் தூவாதீர்கள். சாம்பல் கரகரப்பானது, சீலுக்கு (எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ரப்பருக்கு) ஆகாது.

இனி சோதனை. முதல் ராத்திரி லீவரைத் தொடாமல் அப்படியே விடுங்கள். இரண்டாம் ராத்திரி லீவரை நன்றாக இழுத்து, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டுங்கள். சக்கரமும் பேடும் இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

இரண்டு ராத்திரி எதற்கு? லீவரை இழுத்ததும் அதற்குள் இருக்கிற மாஸ்டர் பிஸ்டன் முன்னே நகர்ந்து, லீவரிலேயே உள்ள எண்ணெய்த் தொட்டிக்குப் போகிற சிறு துளையை மூடிவிடும். அழுத்தம் முழுவதும் ஹோஸ், பான்ஜோ, நிப்பிள், கேலிப்பர் பிஸ்டன் சீல் ஆகியவற்றின் மேல் விழும். தொட்டிக்கும் அதன் ஸ்க்ரூவுக்கும் அந்த நேரத்தில் அழுத்தமே கிடையாது. ஆகவே தொடாத ராத்திரியில் டிஷ்யூ நனைந்தால் தொட்டிப் பக்கம் பாருங்கள்: ப்ளீட் ஸ்க்ரூ, அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), மூடி, உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம். கட்டிய ராத்திரியில் மட்டும் நனைந்தால் அழுத்தப் பக்கம். இந்த ஒரு பிரிவினை தெரிந்தாலே தேடுகிற வேலை பாதியாகிவிடும்.

நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு முதல் சந்தேகம் லீவரில் உள்ள ஹோஸ் நட்தான். ஹோஸின் முனைக்குள் ஒரு சின்னக் குழாய் அடித்து இறக்கியிருக்கும், இன்சர்ட் என்பார்கள். வெளியே ஆலிவ் என்ற பித்தளை வளையம். நட்டை இறுக்கும்போது ஆலிவ் நசுங்கி ஹோஸைக் கவ்வும், அந்தக் கவ்வல்தான் சீல். ஹோஸைச் சாய்வாக வெட்டியிருந்தாலும், இறுக்கும்போது கடைசிவரை உள்ளே தள்ளிப் பிடிக்காமல் விட்டிருந்தாலும், நசுங்கிய பழைய ஆலிவையே மறுபடி போட்டிருந்தாலும் அங்கே ஊறும். ஷிமானோ லீவரில் இந்த நட்டுக்கு 8 மி.மீ. ஸ்பேனர், 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் இறுக்கம். முதலில் அந்த அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் நல்லது. அதற்கு மேல் பலம் கொடுத்தால் லீவர் உடம்பின் மரை போய்விடும். இறுக்கியும் நிற்காவிட்டால் ஹோஸின் முனையை நேராக வெட்டி, புது ஆலிவும் புது இன்சர்ட்டும் போட்டு, அதற்குப் பிறகு ப்ளீட் செய்ய வேண்டும். வெட்டுவதற்கு ஹோஸ் கட்டர் வேண்டும், இல்லையென்றால் புது பிளேடு. கட்டிங் பிளையர் ஹோஸை நசுக்கிவிடும். இன்சர்ட் ஹோஸின் மாடலுக்கு மாடல் மாறும். ஹோஸின் மேல் அச்சடித்திருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்லி வாங்குங்கள்.

பான்ஜோவில் நனைந்தால், அதன் இரண்டு பக்கமும் ஓ-ரிங்கோ செம்பு வாஷரோ இருக்கும். கழற்றினால் புதிது போட வேண்டும். கீழே விழுந்தபோது ஹோஸ் இழுபட்டு பான்ஜோ திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிப்பிளில் நனைந்தால் ஒரு முறை பொறுத்திருங்கள். ப்ளீட் செய்த அன்று நிப்பிளின் குழிக்குள் நிற்கிற மிச்ச எண்ணெய் ஒரு நாள் முழுக்க வெளியே வந்துகொண்டிருக்கும். டிஷ்யூவைத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்து, மறுநாளும் நனைந்தால்தான் அது கசிவு. லீவரின் ப்ளீட் ஸ்க்ரூவுக்கு ஷிமானோ சொல்கிற இறுக்கம் 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர்தான். 2.5 மி.மீ. ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து லேசாகத் திருப்புகிற அளவு. அதை இறுக்கி ஓ-ரிங்கை நசுக்கி வைத்திருப்பதைப் பல கடைகளில் பார்க்கலாம்.

பத்து நாளில் லீவர் இறங்குகிறதே, அவ்வளவு எண்ணெய் எங்கே போகும் என்று கேட்கத் தோன்றும். உள்விட்டம் 2 மி.மீ. உள்ள ஹோஸ் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு வெறும் 5 மில்லி எண்ணெய்தான் பிடிக்கும். தொட்டியில் உள்ளதும் சொற்பம். நாளைக்கு இரண்டு மூன்று சொட்டு போனாலே போதும், பத்து நாளில் காற்று உள்ளே போய்விடும்.

கே: அவசரத்துக்குக் கார் பிரேக் ஆயிலை என் ஷிமானோவில் ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரம் நன்றாகப் பிடித்தது. இப்போது லீவர் சோம்பேறித்தனமாகத் திரும்புகிறது, கேலிப்பர் பிஸ்டனைச் சுற்றி ஈரம். கழுவி எடுத்தால் சரியாகுமா? (வாசகர், பாளையங்கோட்டை)

ப: ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளில் மினரல் ஆயில். ஹோப், ஹேயஸ், எஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகள் ஆகியவற்றில் டாட் 4 அல்லது டாட் 5.1, அதாவது கார் பிரேக் ஆயில் வகை. ஒன்றுக்கான ரப்பர் மற்றதில் ஊறினால் உப்பிவிடும். உப்பிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடிப்பதால் லீவர் மெதுவாகத் திரும்புகிறது. பிறகு அதே சீல் மென்மையாகிக் கசியத் தொடங்குகிறது. உங்களுக்கு இரண்டும் வந்துவிட்டது. ஷிமானோ லீவருக்கும் கேலிப்பருக்கும் உள்ளே போடுகிற சீலைத் தனியாக விற்பதில்லை. இரண்டையும் மாற்றுவதுதான் வழி. ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அதில் டாட் தங்கியிருக்கும். அதுவரை அந்த சைக்கிளில் ஏற வேண்டாம்.

இனி யாராவது ஊற்ற வரும்போது, ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மேலே மிதந்தால் மினரல், கரைந்துபோனால் டாட். நிறமும் காட்டிக்கொடுக்கும்: ஷிமானோவுடையது சிவப்பு, மகுராவுடையது நீலம், டாட் வெளிர் மஞ்சள். எஸ்ராம் என்று பெயரைப் பார்த்ததும் டாட்டைத் தூக்காதீர்கள். அதன் டிபி8, மேவன் மாடல்கள் இரண்டுக்கும் மினரல் ஆயில். லீவர் மூடியில் எழுதியிருப்பதுதான் முடிவு. டாட் 5 என்பது சிலிக்கான் ஜாதி. 5.1-க்கும் அதற்கும் பெயரில் மட்டுமே உறவு, சைக்கிளில் ஊற்றவே கூடாது. டாட் எண்ணெய் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். பாளையங்கோட்டையில் தப்பித்தாலும் மாஞ்சோலைக் குளிரில் லீவர் கல்லாகிவிடும். தலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: வெளியே ஒரு சொட்டு இல்லை. ஆனால் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் மெல்ல மெல்ல உள்ளே போகிறது. இதுவும் கசிவா? (வாசகர், வள்ளியூர்)

ப: கசிவுதான், உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. மாஸ்டர் பிஸ்டனின் முன் சீல் தேய்ந்தோ கீறல் விழுந்தோ இருந்தால், அழுத்தப்பட்ட எண்ணெய் அதைத் தாண்டித் தொட்டிக்கே திரும்பிவிடும். எண்ணெய் அளவு குறையாது, டிஷ்யூவும் நனையாது, பிரேக் மட்டும் பிடிக்காது.

காற்று இருப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்று இருந்தால் லீவர் மெத்து மெத்தென்று அமுங்கி ஓர் இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து நகராது. நாலைந்து தடவை வேகமாக இழுத்தால் கொஞ்சம் இறுகவும் செய்யும். உள் கசிவில் லீவர் முதலில் நன்றாக இறுகும். பிறகு அதே பிடியில் நிற்காமல் நழுவிக்கொண்டே போகும். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி ஒரே பலத்தில் பிடித்துப் பாருங்கள்.

சீலின் விளிம்பில் தூசி மாட்டியிருந்தாலும் இப்படி ஆகும். அதனால் பழைய எண்ணெயை முழுக்க வெளியேற்றிப் புதிது நிரப்பி ஒரு முறை பார்ப்பதில் தவறில்லை. வெளியே வருகிற எண்ணெய் கறுப்பாக இருந்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் கூடும். ஒரு முறைதான், இரண்டாம் முறை செய்வது எண்ணெய்க்குக் கேடு. எஸ்ராமில் பல லீவர்களுக்கு உள் பாகங்கள் செட்டாகக் கிடைக்கும். ஷிமானோவில் லீவரையே மாற்ற வேண்டும். லீவரின் பின்னால், விரல் வைக்கிற தகட்டின் அடியில் ஈரம் தெரிந்தால் அது பின் சீல். அதற்கும் இதே பதில்தான்.

கே: பேட் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டேன். பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது லீவர் மூடியிலிருந்து எண்ணெய் வெளியே வந்தது. எதை உடைத்தேன்? (வாசகர், தென்காசி)

ப: பெரும்பாலும் எதையும் உடைக்கவில்லை. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பத் தொட்டி எண்ணெய் கீழே இறங்கும். இது இயல்பு. நடுவில் யாரோ எண்ணெய் குறைந்துவிட்டது என்று நினைத்து, தேய்ந்த பேடோடேயே தொட்டியை முழுக்க நிரப்பியிருக்கிறார்கள். இப்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் அந்த உபரி எண்ணெய்க்குப் போக இடமில்லை.

டயாஃப்ரம் கிழியாமல் இருந்தால் வெளியே வந்ததோடு சரி. ஆனாலும் சரிபாருங்கள். பேடைக் கழற்றி, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி, நடுவில் ப்ளீட் பிளாக்கை (பேடுக்குப் பதிலாகப் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கட்டையை) வைத்து, அதன் பிறகு எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். தொட்டி நிரம்பி வழிகிற நிலையில் மதிய வெயிலில் நிறுத்தினால் எண்ணெய் விரிய இடமில்லாமல் பேட் தானாகவே ரோட்டரை உரசும். சக்கரம் சுற்றாது. மறுநாளும் மூடியில் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் போய்விட்டது.

கே: எங்கள் பக்கம் தேரி மணல். ஆறு மாதமாக முன் பிரேக் கத்துகிறது, பிடிமானமும் இல்லை. பேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளவென்று எண்ணெய். அடுப்பில் சுட்டால் சரியாகும் என்கிறார்களே? (வாசகர், திசையன்விளை)

ப: பேட் ஒரு பக்கம் மட்டும் நனைந்திருக்கிறது என்பதே நல்ல தடயம். அந்தப் பக்கப் பிஸ்டன் சீல்தான் கசிகிறது. உறுதி செய்ய வேண்டுமானால் பேடைக் கழற்றி, பிஸ்டனையும் அதைச் சுற்றியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்து, இரண்டு பிஸ்டனுக்கும் நடுவில் ப்ளீட் பிளாக்கை வையுங்கள். பிளாக்கின் இரண்டு முகத்திலும் ஒவ்வொரு துண்டு டிஷ்யூ. லீவரை ஒரு ராத்திரி கட்டி வைத்து, காலையில் எந்த முகம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.

தேரி மணல் இதை எப்படிச் செய்கிறது என்றால், பேட் தேய்ந்திருக்கும்போது பிஸ்டனின் பக்கவாட்டு வெளியே தெரியும். செம்மண் தூள் அதில் அப்பிக்கொள்ளும். புது பேட் போடுகிறவர் துடைக்காமல் பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவார். அந்தத் தூள் முழுவதும் சீலை உரசிக்கொண்டு உள்ளே போகும். சீல் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம். லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறதும் அதுதான். அதில் கீறல் விழுந்தால் கசிவும் வரும், பிஸ்டன் சரியாகத் திரும்பாமல் பேட் உரசவும் செய்யும். ஆகவே தள்ளுவதற்கு முன்னால் துடைப்பது கட்டாயம். உவரி மாதிரிக் கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: சீல் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டி, சீலை வெளியே தள்ளும். கேலிப்பரில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். ஷிமானோவின் பீங்கான் பிஸ்டனில் முடி போல விரிசல் விழுந்தாலும் இதே மாதிரிதான் ஊறும். பிஸ்டனை நெம்ப ஸ்க்ரூடிரைவர் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க. பிளாஸ்டிக் டயர் லீவர் போதும்.

பேடை அடுப்பில் சுட வேண்டாம். மேலே இருக்கிற எண்ணெய் புகைந்து போகும், உள்ளே ஊறியது இரண்டு நாளில் மறுபடி மேலே வரும். நடுவில் பேடை ஒட்டியிருக்கிற பசையும் சூட்டில் கெடும். தூக்கிப் போடுங்கள். ஆனால் கசிவை நிறுத்தின பிறகே புதிது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் போகும். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் துடைத்த இடத்தில் மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் போகும். புது பேட் போட்டதும் ஆளில்லாத சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடக்கிற வேகத்துக்கு, முழுக்க நிற்காமல், 15–20 தடவை பிரேக் போட்டால் பிடிமானம் வந்துவிடும்.

கே: முன் கேலிப்பரில் எண்ணெய். லீவர் மட்டும் மாதக்கணக்கில் கல் மாதிரி இருக்கிறது. (வாசகர், களக்காடு)

ப: அது பிரேக் எண்ணெய் இல்லை. கேலிப்பர், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் இடது காலில் இருக்கிறது. அந்தக் காலின் மேல் சீல் தேய்ந்தால் ஃபோர்க் எண்ணெய் வழிந்து நேரே கேலிப்பரில் இறங்கும். ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கிவிட்டு, பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சீலை மாற்றுங்கள். பேடையும் பார்த்துவிடுங்கள், எந்த எண்ணெயாக இருந்தாலும் பேடுக்கு எமன்தான்.

கே: கத்திரி வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் லீவர் திரும்பி வருவதில்லை. சாயங்காலம் சரியாகிவிடுகிறது. என்னுடையது பழைய எஸ்ராம் கைடு மாடல் பிரேக். (வாசகர், மேலப்பாளையம்)

ப: கசிவு இல்லை. அந்தப் பழைய லீவர்களில் உள்ள பிளாஸ்டிக் மாஸ்டர் பிஸ்டன் சூட்டில் உப்பி, துளைக்குள் இறுகிக்கொள்கிறது. ஊரறிந்த குறை அது. பிஸ்டன் செட்டை மாற்றினால் தீரும். எண்ணெய் மாற்றுவதாலோ நிழலில் நிறுத்துவதாலோ தீராது.

கே: சைக்கிளை பஸ் டிக்கியில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு போனேன். இறக்கியதும் லீவர் மெத்து மெத்தென்று ஆகிவிட்டது. எங்கே ஒழுகியது? (வாசகர், சங்கரன்கோவில்)

ப: எங்கேயும் ஒழுகவில்லை. தொட்டியில் முன்பே இருந்த சிறு காற்றுக்குமிழ் தலைகீழாக இருந்தபோது ஹோஸுக்குள் ஏறிவிட்டது. சைக்கிளை நேராக நிறுத்தி, முன் சக்கரத்தைச் சுவரில் ஏற்றி, லீவர் மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி ஒரு மணி நேரம் வையுங்கள். நடுநடுவே லீவரை லேசாகத் தட்டித் தட்டி, சின்னச் சின்னதாக இழுத்து விடுங்கள். இறுகிவிட்டால் ஓட்டலாம், ஆனால் குமிழ் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன்னால் லீவரில் புனல் மாட்டி அதை வெளியே எடுத்துவிடுங்கள். மறுபடி பஸ்ஸில் போடும்போது சக்கரத்தைக் கழற்றியிருந்தால் இரண்டு பேடுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள். மேலே பெட்டி வைக்கிறவர் கை லீவரில் பட்டாலும் பிஸ்டன் வெளியே வராது.